படிப்பை விட்டுவிடாதே, லீவு கேள்!

தோட்டத்தில் டிரசர் என்றால் ஒரு தனி மரியாதை. பிள்ளைக்குக் காய்ச்சலா, காலில் கத்தி வெட்டா, முதலில் ஓடியது டிரசர் ஐயாவிடம்தான். தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டம் இந்நாட்டில் 1965இல் வந்தது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகம் 'பிசிஷியன் அசிஸ்டன்ட்' படிப்பைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். பிறகு 1977இல் இங்கே மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. இன்று அந்த வேலைக்கு உதவி மருத்துவ அதிகாரி என்று பெயர். எஸ்.பி.எம். முடித்தபின் மூன்றாண்டு டிப்ளோமா படிக்க வேண்டும்.

பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் பாடுபட்டவர்களின் பிள்ளைகள் இப்படிப்புக்குப் போவது நமக்குப் பெருமை. ஆனால் பாதியில் நின்றுபோன பிள்ளைகளையும் நாங்கள் பார்த்து வருகிறோம். அவர்கள் அறிவு குறைந்து நின்றவர்கள் அல்லர். வீட்டில் ஒரு இடி விழுந்தது, நின்றுவிட்டார்கள்.

நாங்கள் அறிந்த ஒரு பெண்பிள்ளை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. "ஒடனே வந்துரும்மா" என்று அம்மா போன் பண்ணினார். பிள்ளை அன்றிரவே பஸ் ஏறிவிட்டாள். கல்லூரியில் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவைக் கழுவித் துடைத்து, கஞ்சி ஊட்டி, மூன்று மாதம் போனது. அதற்குள் கல்லூரியிலிருந்து கடிதம் வந்துவிட்டது: பெயர் நீக்கப்பட்டது. கடிதத்தைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்கு வந்தார்கள். மேல்முறையீடு எழுதிக் கொடுத்தோம். பலிக்கவில்லை. அவள் பார்த்தது நல்ல காரியம்தான். போகும்போது ஒரு கடுதாசி எழுதி வைத்திருந்தால், அந்த இடம் அவளுக்காகக் காத்திருக்க வழி இருந்திருக்கும்.

தொழிலாளர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் என்ன சொல்கிறது? அனுமதி இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராதவர், ஒப்பந்தத்தை முறித்தவராகக் கருதப்படுவார். நியாயமான காரணம் இருந்து, அதை முன்கூட்டியோ முடிந்த சீக்கிரத்திலோ முதலாளிக்குத் தெரிவித்திருந்தால் தப்பலாம். ஆகவேதான் பிரட்டில் பெயர் கூப்பிடுமுன் மண்டோரிடம் சொல்லிவிடு, எம்.சி.யைக் கொண்டுபோய்க் கொடு என்று சங்கம் ஓயாமல் சொல்கிறது.

தொழிலாளிக்காவது சட்டத்தில் கணக்கு இருக்கிறது. நோய் விடுப்பு வேலைக் காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18, 22 நாள். ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள். பிரசவ விடுப்பு 2023 ஜனவரி முதல் 98 நாள். மாணவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அவருடைய லீவு கல்லூரியின் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. கேட்காதவருக்கு யாரும் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள்.

இந்தப் படிப்பில் இடைவெளி விடுவது லேசான காரியமும் அல்ல. பாதி வகுப்பறையில், பாதி வார்டில். இத்தனை வாரம் விபத்துப் பிரிவு, இத்தனை வாரம் குழந்தைகள் பிரிவு என்று முறை வைத்து அனுப்புவார்கள். ஒரு முறையைத் தவறவிட்டால் அடுத்த அணியோடு போகும்வரை காத்திருக்க வேண்டி வரும். மூன்று மாத லீவு படிப்பை ஓராண்டு தள்ளிவிடக்கூடும். அமெரிக்காவிலும் இதே கதைதான். இடையில் நின்ற மாணவர் பெரும்பாலும் அடுத்த ஆண்டு அணியோடுதான் சேர்கிறார். இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். ஓராண்டு தள்ளிப்போவது நஷ்டம்தான். மூன்றாண்டும் வீணாவதைவிட அது சிறிய நஷ்டம்.

ஆகவே பிள்ளைகளே, இவற்றை மனத்தில் வையுங்கள்.

முதலில் கல்லூரி ஆசிரியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு எழுத்தில் கொடுங்கள். பாரத்தில் 'தங்கோ பெங்காஜியான்' என்று இருக்கும். படிப்பை ஒத்திவைத்தல் என்று பொருள். 'படிப்பிலிருந்து விலகுகிறேன்' என்ற பாரம் வேறு. அவசரத்தில் அதில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

டாக்டர் கடிதம், மரணச் சான்றிதழ் என்று எது இருக்கிறதோ அதன் நகலை இணையுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, திரும்பி வந்தால் எந்தப் பருவத்தில் சேர்ப்பார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போகும்.

கடன் வாங்கிப் படிப்பவர் கடன் கொடுத்தவரிடமும் தெரிவிக்க வேண்டும். அரசுச் செலவில் படிப்பவர் தாம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். நடுவில் விட்டால் பணம் கட்டச் சொல்லலாம்.

லீவில் இருக்கும்போது புத்தகத்தைப் பரணில் போடாதீர்கள். ஊசி போடும் கை, தையல் போடும் கை, பழக்கம் விட்டால் மறந்துபோகும். உடன் படித்தவரோடு தொடர்பு வைத்திருங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் கஷ்டம் வந்தால் பிள்ளையைக் கூப்பிடத்தான் மனம் துடிக்கும். கூப்பிடுங்கள். கூடவே, "கல்லூரியில சொல்லிட்டு, கடுதாசி குடுத்துட்டு வாய்யா" என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஆறு மாதம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பப் போகும் பிள்ளையைப் பார்த்து, "பெயிலாகி வந்துட்டான்" என்று லயத்தில் யாரும் பேச வேண்டாம். அந்த வெட்கத்துக்குப் பயந்தே திரும்பிப் போகாமல் நின்றவர்கள் உண்டு.

எழுதத் தெரியவில்லையா? மலாயில் மனு எழுதப் பயமா? கிளைச் செயலாளரைப் பாருங்கள். தொழிலாளிக்குத்தான் சங்கம், மாணவனுக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். சந்தா கட்டுபவரின் பிள்ளை எங்கள் பிள்ளைதான். ஆனால் நீக்கல் கடிதம் வந்தபின் வராதீர்கள். பஸ் ஏறுமுன் வாருங்கள்.