பள்ளிக்கூடம் கட்ட ஊரே வாங்கும் கடன்

பள்ளிக்கூடம் ஒன்று எழும்ப வேண்டுமானால் பணம் எங்கிருந்து வரும்? நம் தோட்டங்களில் மூத்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே மாதிரியான கதையைத்தான் சொல்வார்கள். நிலம் தோட்டத்துக்குரியது. பலகையும் தகரமும் துரை மனம் வைத்தால் கிடைக்கும். மீதிக்குச் சம்பள நாளன்று குடும்பத்துக்கு இத்தனை வெள்ளி என்று வசூல். அதுவும் போதாவிட்டால் அரசாங்க மானியத்துக்கு மனு. கொடுக்கத்தான் நம்மைக் கேட்டார்களே தவிர, முடிவு செய்ய யாரும் நம்மைக் கேட்டதில்லை.

அமெரிக்காவில் வழி வேறு. அங்கே ஊர் மக்களே ஓட்டுப் போட்டு, ஊரின் பெயரிலேயே கடன் வாங்கிப் பள்ளிக்கூடம் கட்டிக்கொள்கிறார்கள். கலிபோர்னியா மாநிலத்தில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். அந்த மாநிலத்தில் சினிமா நட்சத்திரங்கள் மட்டும் வாழவில்லை. திராட்சை பறித்தும் வயல் வேலை செய்தும் வயிறு வளர்க்கும் லட்சக்கணக்கான பாட்டாளிகளும் வாழ்கிறார்கள்.

அங்கே ஒவ்வொரு வட்டாரப் பள்ளிகளையும் நடத்த, மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு பள்ளி வாரியம் உண்டு. கட்டடம் தேவைப்பட்டால் வாரியம் செலவைக் கணக்குப் போட்டு, "இவ்வளவு கடன் வாங்கலாமா?" என்று தேர்தலில் மக்களையே கேட்கிறது. மக்கள் சம்மதித்தால் வாரியம் கடன் பத்திரங்களை வெளியிடும். ஒரு பத்திரம் வழக்கமாக 5,000 டாலர். வங்கிகள், காப்புறுதி நிறுவனங்கள், கையில் சேமிப்புள்ள தனி மனிதர்கள் ஆகியோர் அவற்றை வாங்குவார்கள். அந்தப் பணத்தில் கட்டடம் எழும்புகிறது. அசலையும் வட்டியையும் 25, 30 ஆண்டுகளில் திருப்பிக் கட்டுவதற்காக, வட்டாரத்திலுள்ள வீடு, நிலம், கடை எல்லாவற்றின் மீதும் கூடுதல் வரி விழும். பத்திரம் வாங்கியவருக்குக் கிடைக்கும் வட்டிக்கு மத்திய அரசாங்கம் வருமான வரி கேட்பதில்லை. அதனால் அவர் குறைந்த வட்டிக்கே சம்மதிக்கிறார். ஊருக்கும் கடன் மலிவாகக் கிடைக்கிறது.

வரி கட்டுபவர் நிலச் சொந்தக்காரர்தானே, வாடகை வீட்டில் இருப்பவருக்கு இதில் என்ன பேச்சு என்று கேட்கலாம். அப்படிக் கேட்டவர்கள் அங்கேயும் இருந்தார்கள். சில மாநிலங்களில் சொத்து வைத்திருப்பவர்கள் மட்டுமே இத்தகைய கடன்களுக்கு ஓட்டுப் போடலாம் என்று சட்டமே இருந்தது. அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் எழுந்த வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1970ஆம் ஆண்டில் நீதிமன்றம் அந்தத் தடையைத் தள்ளுபடி செய்தது. நீதிபதிகள் சொன்ன காரணங்களில் ஒன்று எந்த லயத்து வீட்டிலும் புரியக்கூடியது: வீட்டுக்காரர் தன் வரியை வாடகையில் ஏற்றிவிடுகிறார், ஆகவே குடியிருப்பவரும் அந்தச் சுமையைத் தாங்குபவரே. கையகல நிலம் இல்லாதவருக்கும் பள்ளிக்கூடக் கடனில் ஒரு ஓட்டு உண்டு என்பது அன்று நிலைபெற்றது.

கலிபோர்னியாவில் தடை வேறு வடிவில் இருந்தது. கடன் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். போதாக்குறைக்கு, 1978இல் மக்கள் ஓட்டெடுப்பில் நிறைவேறிய 13ஆம் பிரேரணை சொத்து வரியை மதிப்பில் நூற்றுக்கு ஒன்று என்று கட்டிப்போட்டது. அதற்கு மேல் கடனுக்கென வரி போட வழியில்லாமல், 1986 வரை வட்டாரங்கள் இந்த வகையில் புதிதாகக் கடன் வாங்கவே முடியவில்லை. அந்த ஆண்டில் அனுமதி திரும்பக் கிடைத்தது. மூன்றில் இரண்டு பங்கு என்ற நிபந்தனை மட்டும் போகவில்லை.

இதற்கு விலை கொடுத்தவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் பிள்ளைகள். அங்கே பல பள்ளிகளில் இடம் இல்லாமல், மாணவர்களைப் பிரிவுகளாக்கி, ஒரு பிரிவு விடுமுறையில் இருக்கும்போது மற்றவை படிப்பது என்று ஆண்டு முழுவதும் பள்ளி நடத்தினார்கள். 180 நாள் படிக்க வேண்டிய பிள்ளை அந்த முறையில் 163 நாள்தான் பள்ளிக்குப் போனது. நாளுக்குச் சில நிமிடங்களைக் கூட்டி ஈடுகட்டியதாகச் சொன்னார்கள். 17 நாள் வீட்டில் சும்மா இருந்த பிள்ளைக்கு அது ஈடாகுமா என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள்.

1996 நவம்பரில் அந்நகரம் 240 கோடி டாலர் கடனுக்கு ஓட்டெடுப்பு நடத்தியது. பெரும்பான்மையினர் ஆதரித்தும், மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைந்ததால் தோல்வி. அடுத்த ஏப்ரலில் மறுபடியும் கேட்டு வென்றார்கள். பிறகு 2000ஆம் ஆண்டில் மாநிலமே விதியை மாற்றியது. நூற்றுக்கு 55 ஓட்டு போதும். ஆனால் பதிலுக்குச் சில கட்டுகள். எந்தெந்தப் பள்ளியில் என்னென்ன வேலை என்ற பட்டியலை முன்கூட்டியே காட்ட வேண்டும். கடன் பணத்தில் சம்பளம் கொடுக்கக் கூடாது. ஆண்டுதோறும் கணக்குத் தணிக்கை, அதன்மேல் ஊர் மக்கள் அடங்கிய ஒரு கண்காணிப்புக் குழு. வரிக்கும் வரம்பு உண்டு: தொடக்கப் பள்ளியையும் உயர்நிலைப் பள்ளியையும் சேர்த்து நடத்தும் வட்டாரத்தில், ஒவ்வொரு ஓட்டெடுப்புக் கடனுக்கும், சொத்து மதிப்பில் லட்சம் டாலருக்கு ஆண்டுக்கு 60 டாலருக்கு மேல் போகக் கூடாது. மூன்று லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு 180 டாலர். லாஸ் ஏஞ்சல்ஸ் அதன் பிறகு கடன்மேல் கடனாக வாங்கி 131 புதிய பள்ளிகளைக் கட்டி முடித்தது. பிரிவு பிரிவாகப் படிக்கும் முறையும் ஒழிந்தது.

இனி கடனின் மறுபக்கம். கங்காணியிடமும் செட்டியாரிடமும் கைநீட்டியவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு வட்டிக் கணக்கைப் பற்றிப் பாடம் தேவையில்லை. என்றாலும் சான் டியேகோ நகருக்கு அருகிலுள்ள பவ்வே வட்டாரத்தின் கதையைக் கேளுங்கள். வசதியான ஊர், படித்த மக்கள். 2008இல் பள்ளிக் கடனுக்கு ஓட்டுக் கேட்டபோது, வரி விகிதம் உயராது என்று வாரியம் வாக்குக் கொடுத்தது. வரியை உயர்த்தாமல் புதிய கடனை எப்படிக் கட்டுவது? அதற்கும் ஒரு வகைப் பத்திரம் இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் வட்டியும் கட்ட வேண்டாம், அசலும் கட்ட வேண்டாம். வட்டி அசலோடு சேர்ந்து, அதற்கும் வட்டி ஏறிக்கொண்டே போகும். 2011இல் பவ்வே இந்த வகையில் வாங்கிய தொகை சுமார் 10 கோடி 50 லட்சம் டாலர். 2033இல் கட்டத் தொடங்கி 2051இல் முடிக்கும்போது கொடுத்திருக்கும் மொத்தத் தொகை சுமார் 98 கோடி டாலர். ஒன்றுக்கு ஒன்பதுக்கும் மேல்! அந்த வகுப்பறைகளில் படித்த பிள்ளைகள் பேரன் பேத்தி எடுக்கும் வயதிலும் அவற்றுக்கு வரி கட்டிக்கொண்டிருப்பார்கள்.

2012இல் ஓர் உள்ளூர்ச் செய்தி நிறுவனம் இதை வெளிப்படுத்தியதும் நாடெங்கும் பேச்சாயிற்று. மறு ஆண்டே மாநிலம் சட்டம் கொண்டு வந்தது. பள்ளிக் கடனில் திருப்பிக் கட்டும் மொத்தம் வாங்கியதைப் போல் நான்கு மடங்கைத் தாண்டக் கூடாது. இந்த வகைப் பத்திரத்தின் காலம் 25 ஆண்டுக்குள் அடங்க வேண்டும். நான்கு மடங்கே அதிகம் என்பது என் எண்ணம். பவ்வேயின் பழைய பத்திரங்களையோ அந்தச் சட்டம் தொடவில்லை.

பவ்வே மக்களுக்காவது மதிப்புள்ள நிலம் இருந்தது. கலிபோர்னியாவின் நடுவே நீண்டு கிடக்கும் பள்ளத்தாக்கின் சிற்றூர்களில் அதுவும் இல்லை. திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் 1965இல் வேலை நிறுத்தம் தொடங்கி ஐந்து ஆண்டுகள் போராடிய டெலானோ இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஒரு வட்டாரம் எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதற்குச் சட்டத்தில் அளவு உண்டு. எல்லா வகுப்புகளையும் நடத்தும் வட்டாரமானால், அங்குள்ள சொத்துகளின் வரி மதிப்பில் நூற்றுக்கு இரண்டரை. தொடக்கப் பள்ளிகளை மட்டும் நடத்துவதானால் அதில் பாதி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். சொத்து மதிப்பு 1,000 கோடி டாலராக உள்ள நகரம் 25 கோடி கடன் வாங்கலாம். மதிப்பு 20 கோடியாக உள்ள விவசாய ஊருக்கு 50 லட்சம்தான் எல்லை. பிள்ளைகள் எத்தனை பேர், கூரை எத்தனை இடத்தில் ஒழுகுகிறது என்ற கேள்வி இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

ஓட்டும் அங்கே குறைவு. நீதிமன்றம் 1970இல் திறந்துவிட்ட கதவு குடியுரிமை உள்ளவர்களுக்கே. வயலில் வேலை செய்பவர்களில் பலர் மெக்சிகோவிலிருந்து வந்து குடியுரிமை பெறாதவர்கள். பிள்ளை அமெரிக்கப் பிரஜையாகப் பிறந்து அந்தப் பள்ளியில் படிக்கும். அதற்குக் கட்டடம் வேண்டுமா என்ற கேள்விக்குத் தாயும் தகப்பனும் பதில் சொல்ல முடியாது. பிரஜாவுரிமைக்கு அலைந்த குடும்பங்கள் நம்மிடையேயும் உண்டு.

இந்தப் பள்ளத்தை நிரப்ப மாநில அரசாங்கமும் தன் பெயரில் கடன் வாங்கி வட்டாரங்களுக்குப் பங்கு கொடுக்கிறது. 1998இல் வந்த திட்டத்தின்படி புதிய கட்டடத்துக்கு மாநிலம் பாதி, வட்டாரம் பாதி. தன் பாதியைப் போட முடியாத ஏழை வட்டாரம், கஷ்ட நிலை என்று நிரூபித்தால், முழுத் தொகை வரை பெறலாம். ஆனால் மனுக்கள் வந்த வரிசைப்படியே கவனிக்கப்பட்டன. பெரிய வட்டாரத்தில் மனு எழுதவே தனி அதிகாரிகள் உண்டு. சிற்றூரில் தலைமையாசிரியரே கிராணி வேலையும் பார்த்து, நேரம் கிடைத்தால் மனுவும் எழுத வேண்டும். வரிசையில் யார் முந்துவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

2024 நவம்பரில் கலிபோர்னியா மக்கள் 1,000 கோடி டாலர் மாநிலக் கடனுக்குச் சம்மதம் கொடுத்தார்கள். அதில் 850 கோடி பள்ளிக்கூடங்களுக்கு. கடன் வாங்கும் எல்லை 50 லட்சம் டாலருக்குள் இருந்தால் கஷ்ட நிலை என்று இருந்த அளவை 1 கோடி 50 லட்சமாக உயர்த்தினார்கள். ஏழை வட்டாரங்களுக்கு மாநிலத்தின் பங்கும் சிறிது கூடியது. 2,500 மாணவர்களுக்கு மேற்படாத சிறு வட்டாரங்களுக்கென, கட்டடப் பணத்தில் நூற்றுக்குப் பத்து வரை தனியே ஒதுக்கவும் அதே சட்டம் வழி செய்திருக்கிறது.