குறட்டை நின்றால் மூச்சும் நிற்கும்! நாக்கைத் தட்டி எழுப்பும் அதிசயக் கருவி

"கொர்... கொர்..." என்று வீடே அதிரும் குறட்டை. திடீரென்று சத்தம் நின்றுவிடும். "அப்பாடா!" என்று பக்கத்தில் படுத்திருப்பவர் கண்ணை மூடுவார். ஆபத்தே அப்போதுதான்! குறட்டையோடு மூச்சும் நின்றிருக்கும்.

10 வினாடி... 20 வினாடி... பிறகு திணறிக்கொண்டு மூச்சை இழுப்பார். நோய் முற்றியவர்களுக்கு மணிக்கு 30 தடவைக்கு மேல் இப்படி ஆகும். காலையில் கேட்டால், "நல்லாத்தானே தூங்கினேன்" என்பார்!

நாக்குதான் வில்லன்

தூக்கத்தில் நாக்கும் தொண்டைத் தசையும் தளர்ந்து, பின்னால் சரிந்து மூச்சு வழியை அடைக்கின்றன. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. நாளடைவில் ரத்தக் கொதிப்பு வரும். இதயத்துக்கும் ஆபத்து. பகலில் வண்டி ஓட்டும்போது கண் அசந்தால் உயிருக்கே உலை!

காற்றை அழுத்தி மூக்கு வழியே செலுத்தும் முகமூடி மெஷினை 1981-ல் ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் உலகுக்கு அறிவித்தார். இன்றும் முதல் வைத்தியம் அதுதான். ஆனால், "மூஞ்சியைக் கட்டிக்கிட்டு எப்படி தூங்கறது?" என்று கழற்றி வைத்துவிடுபவர்கள் ஏராளம்.

நெஞ்சுக்குள் மெஷின்

அவர்களுக்காக வந்ததுதான் இந்தக் கருவி. அமெரிக்காவில் மின்னியாபோலிஸ் நகரின் இன்ஸ்பயர் கம்பெனி தயாரித்தது. 2014 ஏப்ரலில் அந்நாட்டு உணவு-மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது.

ஆபரேஷன் செய்து, வலது மார்பில் தோலுக்கு அடியில் கருவியை வைக்கிறார்கள். அதிலிருந்து ஒரு வயர், தாடைக்குக் கீழே நாக்கை அசைக்கும் நரம்புக்குப் போகிறது. படுக்கும்போது ரிமோட்டை அழுத்தினால் போதும். மூச்சை இழுக்கும்போதெல்லாம் லேசான மின் துடிப்பு பாயும். நாக்கு முன்னால் நகரும். வழி திறக்கும்!

அணைத்ததும் வந்தது வினை

126 பேருக்கு வைத்துச் சோதித்ததில், நடுமட்டக் கணக்கில் மணிக்கு 29 ஆக இருந்த மூச்சுத் தடை, ஓராண்டில் 9 ஆகக் குறைந்தது. பலன் கண்டவர்களில் 23 பேருக்கு மட்டும் ஒரு வாரம் கருவியை அணைத்து வைத்தார்கள். சராசரி 8-க்குள் இருந்த தடை, 26-ஐ நெருங்கிவிட்டது! ஆக, நோய் ஓடிப்போவதில்லை. கருவி இருக்கும் வரைதான் காவல்.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. அந்தச் சோதனையிலேயே மூன்றில் இரண்டு பங்கு பேருக்குத்தான் போதிய பலன் கிடைத்தது. உடல் மிகவும் பருத்தவர்களுக்குப் பலன் குறைவு. தொண்டை நாலா பக்கமும் சுருங்கி மூடுகிறதா என்று, மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, கேமரா விட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்கிறார்கள்.

திணறல் தூங்குபவருக்குத் தெரியாது. பக்கத்தில் விழித்திருப்பவருக்குத்தான் தெரியும். "நீங்க மூச்சே விடலீங்க" என்று மனைவி சொன்னால், சிரித்து ஒதுக்காமல் டாக்டரிடம் போவதே புத்திசாலித்தனம்!