பிஞ்சுக் கைகளால் ஒரு நத்தார் வளையம்

மார்கழி பிறந்துவிட்டால் முன்பள்ளிகளில் ஒளிவிழா ஆயத்தங்கள் களைகட்டத் தொடங்கிவிடும். பிள்ளைகளின் கைவேலை என்று சுவரில் தொங்கவிடப்படும் நத்தார் வளையங்களைப் பார்த்தால், பெரும்பாலானவை அம்மாமாரின் கைவேலை என்பது எவருக்கும் விளங்கும். அவ்வளவு நேர்த்தி!

களப்பணியில் நான் சந்திக்கும் தாய்மாரிடம் கேட்டால், "பிள்ளை ஒட்டினால் கோணலாய்ப் போகும், மற்றப் பிள்ளைகளுடையது வடிவாய் இருக்குமே" என்பார்கள். கோணலாகத்தான் இருக்கும். நாலு வயதுப் பிள்ளை கடதாசியைக் கிழித்து, கசக்கி, உருட்டி ஒட்டும்போதுதான் நாளை பென்சில் பிடிக்கவேண்டிய விரல்கள் பழகுகின்றன. அந்த வேலையை நாம் வாங்கிச் செய்தால் பிள்ளைக்கு மிஞ்சுவது வேடிக்கை பார்ப்பது மட்டுமே.

திருவருகைக் காலத்தில் தேவாலயங்களில் வைக்கப்படும் வளையமும் பிள்ளைகளுக்காகவே தோன்றியது. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் 1833இல் ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் ஒன்றை ஆரம்பித்தவர் யொஹான் ஹின்றிக் விஷேர்ன் என்ற இறையியலாளர். "நத்தார் எப்போது வரும்?" என்று ஓயாமல் கேட்ட பிள்ளைகளுக்காக, 1839இல் பழைய வண்டிச் சில்லொன்றில் மெழுகுதிரிகளைப் பொருத்தினார். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளைத் திரி நான்கு. ஏனைய நாட்களுக்குச் சிறிய சிவப்புத் திரிகள். நாளுக்கொன்றாக ஏற்றி, பிள்ளைகள் நாட்களை எண்ணினார்கள்.

நாமும் அப்படியே எண்ணலாம், நெருப்பில்லாமல். பிஸ்கட் பெட்டி மட்டையில் சாப்பாட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வட்டம் கீறுங்கள். நடுவில் சிறிய வட்டமொன்றை வெட்டி எடுங்கள். வெட்டுவது மட்டும் பெரியவர் வேலை. பழைய புத்தகத் தாள்களுக்குப் பச்சை வர்ணம் பூசி, பிள்ளை கிழித்துத் தரும் துண்டுகளைக் கோதுமை மாப் பசையால் ஒட்டட்டும். டிசம்பர் 1 முதல் 24 வரை ஒவ்வொரு மாலையும் ஒரு சிவப்புக் கடதாசி உருண்டை. ஐந்து நிமிட வேலைதான். சின்னப் பிள்ளையின் பொறுமைக்கும் அது அளவானது.

சிவப்பு மணி என்றதும் பலருக்குக் குன்றிமணி நினைவுக்கு வரும். வேண்டவே வேண்டாம். மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பசுமையாக இருக்கிறதென்று அலரி இலையையும் பறித்துக் கொடுக்காதீர்கள், அதுவும் நஞ்சு. மாவிலை, தென்னங்குருத்து, சவுக்குக் கொப்பு போதும். மூன்று வயதுக்கு உட்பட்ட தம்பி தங்கை வீட்டில் இருந்தால் மணி, பொத்தான் எதுவும் ஒட்டவேண்டாம், தொண்டையில் சிக்கிவிடும்.

இன்னுமொன்று. முன்பள்ளி ஒன்றில் ஆசிரியை, "இன்றைக்கு மலர்வளையம் செய்வோம்" என்றதும், ஒரு சிறுமி கேட்டாள்: "ரீச்சர், ஆர் செத்தது?" சில மாதங்களுக்கு முன் தகப்பனை இழந்த பிள்ளை அவள். நம் ஊர்களில் மலர்வளையம் சாவீட்டுக்கே போகிறது. அந்த ஆசிரியை சட்டென்று பேச்சை மாற்றவில்லை. பக்கத்தில் இருத்தி, "ஒருவரும் சாகேல்லை அம்மா, இது நத்தாருக்கு" என்றார். அப்பாவின் வளையத்தில் என்ன பூ இருந்தது என்று சிறுமி சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றுமுதல் அங்கே இதற்குப் பெயர் 'நத்தார் வட்டம்'.

உருண்டைகள் ஓரிடத்தில் குவிந்து கிடந்தால் அப்படியே விடுங்கள். பின்பக்கத்தில் பிள்ளையின் பெயரையும் ஆண்டையும் எழுதி, அதன் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள்.