சிரிக்க வைக்கும் விளையாட்டும் அழ வைக்கும் விளையாட்டும்



அடக்கச் சடங்கிற்காக ஒருமுறை ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தோம். இறந்தவரின் பேரனுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும். சுவரோரமாக உட்கார்ந்து, கைபேசியில் கட்டங்களை அடுக்கும் விளையாட்டு ஒன்றை விளையாடிக்கொண்டிருந்தான். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். நாமும், "இது விளையாடுற நேரமா தம்பி?" என்று கேட்டு, கைபேசியை வாங்கி அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டோம். அவன் எதிர்த்துப் பேசவில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை நம் மனதை விட்டு நீங்கவில்லை.

வீடியோ கேம் என்றாலே வீண் பொழுதுபோக்கு என்பது நம்மில் பலரது எண்ணம். ஆனால், அவற்றை உருவாக்குகிறவர்களிடமும் விளையாடுகிறவர்களிடமும் நெடுநாளாக வேறொரு விவாதம் நடந்து வருகிறது. ஒரு நல்ல நாவலைப் போல, திரைப்படத்தைப் போல, வீடியோ கேமும் மனித உள்ளத்தின் ஆழத்தைத் தொட வேண்டுமா? அல்லது, விளையாட்டு விளையாட்டாகவே இருந்து மகிழ்ச்சி தந்தால் போதுமா?

2010ஆம் ஆண்டு ஏப்ரலில், அமெரிக்கத் திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட், வீடியோ கேம்கள் ஒருபோதும் கலையாக முடியாது என்று எழுதினார். ஆயிரக்கணக்கானோர் அவருக்கு மறுப்பு எழுதினர். அதே ஆண்டு ஜூலையில், அவற்றை விளையாடிப் பார்க்காமல் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவர் ஒப்புக்கொண்டார். 2012ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் நவீனக் கலை அருங்காட்சியகம் 14 வீடியோ கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. அவற்றுள் 'டெட்ரிஸ்', 'பாசேஜ்' ஆகிய இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மேற்சொன்ன விவாதம் எளிதாக விளங்கும்.

டெட்ரிஸை 1984ஆம் ஆண்டு மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கினார். நான்கு நான்கு சதுரங்களால் ஆன ஏழு வடிவங்கள் மேலிருந்து விழும். அவற்றைத் திருப்பித் திருப்பி இடைவெளியின்றி அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிறைந்ததும் அது மறைந்துவிடும். இதில் கதை இல்லை, நாயகன் இல்லை, நீதியும் இல்லை. அடுக்குவதன் இன்பம் மட்டுமே உண்டு.

பாசேஜ், ஜேசன் ரோரர் என்பவர் 2007ஆம் ஆண்டு வெளியிட்டது. ஐந்தே நிமிடங்களில் முடிந்துவிடும். ஒரு சிறிய மனித உருவம் நடந்து செல்கிறது. வழியில் ஒரு பெண்ணைச் சந்திக்கிறது. அவளோடு சேர்ந்து நடக்கலாம், தனியாகவும் போகலாம். சேர்ந்து நடந்தால், ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய குறுகிய வழிகளுக்குள் போக முடியாது, அங்குள்ள செல்வமும் கிடைக்காது. நடக்க நடக்க இருவருக்கும் முடி நரைக்கிறது. ஒரு கட்டத்தில் அவள் இறந்துவிடுகிறாள். அதன்பின் அவனுடைய நடை தளர்கிறது, இறுதியில் அவனும் இறக்கிறான். உடன் நடப்பதற்கு ஒரு விலை உண்டு என்று இங்கே யாரும் பிரசங்கம் செய்வதில்லை. வழி அடைபடும்போது விளையாடுகிறவரே அதை உணர்ந்துகொள்கிறார்.

ஒரு வீடியோ கேமின் ஆழம், ஒட்ட வைத்த சோகக் கதையாலோ, கண்ணீர் வரவழைக்கும் இசையாலோ வருவதில்லை. நம் கையால் எதைச் செய்ய முடிகிறது, எதைச் செய்ய முடியவில்லை என்பதிலிருந்தே அது பிறக்கிறது. இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, 2016ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான 'தட் டிராகன், கேன்சர்'. புற்றுநோய் எனும் அந்த அரக்கப் பாம்பு என்பது அதன் பொருள்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த ரயன் கிரீன், ஏமி கிரீன் என்ற கிறிஸ்தவத் தம்பதியர், தங்கள் மகன் ஜோயலின் வாழ்க்கையைத் தம் நண்பர்களோடு சேர்ந்து அதில் வடித்தனர். ஒரு வயதிலேயே ஜோயலுக்கு மூளையில் புற்றுநோய் இருப்பது தெரிய வந்தது. 2014ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஐந்து வயதில் அவன் இறந்தான். அதில் ஓர் இரவுக் காட்சி உண்டு. மருத்துவமனை அறையில் குழந்தை தாகத்தால் விடாமல் அழுகிறது. நாம் தந்தையின் இடத்தில் இருக்கிறோம். குடிக்கக் கொடுத்தால் வாந்தி எடுக்கிறது. தூக்கி வைத்துக்கொண்டாலும் அழுகை நிற்பதில்லை. வழக்கமாக வீடியோ கேமில் ஏதாவது ஒரு பொத்தான் பலன் தரும். இங்கே எதுவும் பலன் தருவதில்லை. கடைசியில் தந்தை செபிக்கிறார், குழந்தை அடங்கி உறங்குகிறது. நோயாளிக் குழந்தையின் கட்டிலருகே கையைப் பிசைந்துகொண்டு நின்ற எந்தப் பெற்றோருக்கும் இது வெறும் விளையாட்டாகத் தோன்றாது.

ஆனால், அதே படைப்பில் மருத்துவமனை நடைபாதையில் சிறுவண்டி ஓட்டிப் பந்தயம் போகும் குதூகலமான பகுதியும் இருக்கிறது. ஓட்டம் முடியும்போது திரையில் தெரிவது, ஜோயல் பெற்ற சிகிச்சைகளின் பட்டியல். அழுகையைச் சொல்ல வந்த பெற்றோர் சிரிப்பை விட்டுவிடவில்லை. ஏனெனில் அவர்களுடைய மகன் சிரித்தவன். ஆழத்தையும் கேளிக்கையையும் பகையாளிகளாக நிறுத்துவது சரியல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையா?

அப்படியென்றால், ஆழமே இல்லாத எளிய விளையாட்டு தாழ்ந்ததா? இல்லை. விளையாட்டு ஆன்மாவுக்கு ஓய்வு என்று புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் எழுதியுள்ளார். அதற்கு அவர் பழைய கதை ஒன்றை எடுத்துக்காட்டுகிறார். நற்செய்தியாளர் யோவான் தம் சீடர்களோடு விளையாடுவதைக் கண்டு சிலர் இடறல் அடைந்தார்கள். அவர்களுள் வில் வைத்திருந்த ஒருவரை அம்பு எய்யச் சொன்னார் யோவான். பலமுறை எய்தபின், இப்படியே நிறுத்தாமல் எய்ய முடியுமா என்று கேட்டார். வில் ஒடிந்துவிடும் என்றார் அவர். மனித மனமும் அப்படித்தான் என்றார் யோவான்.

ஒடியும் நிலையில் இருக்கும் மனதுக்கு எளிய விளையாட்டு உதவலாம் என்பதற்கு அறிவியல் சான்றும் உண்டு. 2017ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, ஆக்ஸ்போர்டு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் நடந்தது. சாலை விபத்தில் சிக்கி ஆறு மணி நேரத்திற்குள் இருந்த 71 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் விபத்தைச் சுருக்கமாக நினைவுகூர்ந்தபின் டெட்ரிஸ் விளையாடினர். அடுத்த ஒரு வாரத்தில், விபத்தின் கொடிய காட்சிகள் தாமாக மனதில் வந்து மோதுவது அவர்களுக்குக் குறைவாக இருந்தது. வடிவங்களைத் திருப்பி அடுக்கும் வேலை மனக்கண்ணை நிரப்பிவிடுவதால், அக்காட்சிகள் ஆழமாகப் பதிய இடம் கிடைப்பதில்லை என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

இதைப் படித்தபோது அந்தத் துக்க வீட்டுச் சிறுவன்தான் நினைவுக்கு வந்தான். இந்த ஆய்வை அவனுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும், அவன் பாட்டியை மறந்து விளையாடவில்லை, தாங்க முடியாத ஒன்றைத் தாங்குவதற்காக விளையாடியிருக்கலாம் என்று நமக்கு அன்று தோன்றவே இல்லையே!

நாம் அஞ்ச வேண்டியது எளிய மகிழ்ச்சியைக் கண்டு அல்ல. ஆழம், மகிழ்ச்சி ஆகிய இரண்டின் வேடத்தையும் போட்டுக்கொண்டு பணத்தையும் நேரத்தையும் பறிக்கும் தந்திரங்களே ஆபத்தானவை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகள் சில வீடியோ கேம்களில் உண்டு. அவற்றைச் சட்டவிரோதச் சூதாட்டம் என்று 2018ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டின் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையம் முடிவு செய்தது. கட்டுப்பாடு இழந்து விளையாடும் நிலையை 2019ஆம் ஆண்டு உலக நலவாழ்வு நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அப்பட்டியல் 2022 முதல் நடைமுறைக்கு வந்தது.

எனவே பெற்றோரே, பிள்ளையின் கையிலுள்ள விளையாட்டு ஆழமானதா, எளியதா என்று தரம் பிரிக்கும் முன் வேறு சில கேள்விகளைக் கேட்போம். நிறுத்த நினைக்கும்போது இது நிறுத்த விடுகிறதா? முடித்து எழும்போது பிள்ளை நம் பக்கம் திரும்பி வருகிறதா? முக்கியமாக, இந்த நேரத்தில் இது ஏன் அதற்குத் தேவைப்படுகிறது? கடைசிக் கேள்விக்கு விடை தெரிய வேண்டுமானால், எட்ட நின்று அதட்டினால் போதாது, பக்கத்தில் உட்கார வேண்டும்.

இனி அப்படி ஒரு சிறுவனைத் துக்க வீட்டில் கண்டால், கைபேசியை வாங்க மாட்டோம். அவனருகே தரையில் அமர்ந்து, "இதை எப்படி விளையாடுறது தம்பி, எனக்கும் சொல்லிக் கொடு" என்று கேட்போம். பாட்டியைப் பற்றி அவன் பேச ஆரம்பிக்கும்வரை, அவனோடு சேர்ந்து கட்டங்களை அடுக்கிக்கொண்டிருப்போம்.