மொட்டை மாடியும் மின்கட்டணமும்

தொழில் பெருகினால் புகையும் பெருகத்தான் செய்யும் என்று நம்மில் பலர் சொல்கிறோம். கோவை, திருப்பூர் ஆலைக்காரர்கள் 1990களிலேயே காற்றாலைகளில் பணம் போட்டார்கள். புகையைக் குறைக்க அல்ல. மின்சாரம் இல்லாமல் ஆலை நின்றுவிடக் கூடாதே என்றுதான். முப்பந்தல் காற்று இரண்டுக்கும் உதவியது.

நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. மாடியில் வைக்கும் 2 கிலோவாட் சோலார் தகடு நாளுக்குச் சுமார் 8 யூனிட் தரும். ஒன்றிய அரசு 2024இல் தொடங்கிய திட்டத்தில் வீடுகளுக்கு இதற்கு 60,000 ரூபாய் மானியம். 3 கிலோவாட்டுக்கு 78,000. பள்ளிவாசலுக்கு இந்த மானியம் கிடையாது.

எல்லா வீட்டுக்கும் இது தேவை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 200 யூனிட்டுக்குள் புழங்கும் குடும்பம் இதற்காகக் கடன்பட வேண்டாம், வட்டிக்கடன் வேண்டவே வேண்டாம். தையல் மெஷினும் ஏசியும் ஓடி 500 யூனிட்டைத் தாண்டும் தாம்பரம், பல்லாவரம் வீடுகளுக்கே ஆதாயம். வாடகைக்கு இருப்போர், மோட்டார் போடுவதையும் மாவு அரைப்பதையும் பகலில் வைத்துக்கொள்ளலாம். பொழுது சாய்ந்தால் நிலக்கரி மின்சாரத்தைத்தான் அதிகம் நம்ப வேண்டியிருக்கிறது.

சொந்த வீட்டினர் கடைசி மூன்று மின்கட்டண ரசீதுகளோடு அஸருக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தால், கணக்குப் பார்த்துச் சொல்கிறோம்.