சிந்தனைப் பயிற்சி – 9: உறவை வாய்விட்டுச் சொல்லுங்கள்

பாதரசம் : உலோகம் :: புரோமின் : ?

வாயு, ஹாலஜன், அலோகம், திரவம் என நான்கு விடைகள் தந்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் தேசிய வருவாய்வழி படிப்புதவித் தொகைத் தேர்வின் மனத்திறன் தாளில் இத்தகைய ஒப்புமைக் கேள்விகள் வரும். வேதியியலில் கெட்டிக்காரப் பிள்ளைகூட இந்த இடத்தில் திணறும். புரோமின் திரவம், அது ஹாலஜன், அலோகமும்கூட. மூன்றும் உண்மையாக இருக்கும்போது எதைத் தொடுவது?

விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, முதல் ஜோடியை முழு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். ‘அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் உலோகம் பாதரசம்.’ இப்போது புரோமினை அதே வாக்கியத்தில் வையுங்கள். ‘அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் அலோகம் புரோமின்.’ ஹாலஜன் என்று போட்டாலும் வாக்கியம் பிழையாகாது. ஆனால் ஹாலஜன் ஒரு சிறு குடும்பத்தின் பெயர்; உலோகமோ பெரும் பிரிவு. பெரும் பிரிவுக்கு ஈடாகப் பெரும் பிரிவுதான் நிற்க வேண்டும். ஆகவே விடை, அலோகம்.

பருப்பொருளின் நிலையைப் பற்றிய கேள்வி என்றால் வெப்பநிலையையும் வாக்கியத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதரசம் மைனஸ் 39 டிகிரி செல்சியஸில் உறைந்துவிடும். கேலியம் 29.8 டிகிரியில் உருகும். 25 டிகிரி அறையில் திண்மமாக இருக்கும் அந்த உலோகத் துண்டு, உள்ளங்கையில் வைத்துக்கொண்டால் உடல் சூட்டிலேயே உருகி ஓடும்.

அடுத்த கேள்வி. பனிக்கட்டி : உருகுதல் :: உலர்பனி : ? ‘சூடேறினால் பனிக்கட்டிக்கு நிகழும் நிலைமாற்றம் உருகுதல்.’ உலர்பனி என்பது திண்ம கார்பன் டை ஆக்சைடு. சாதாரணக் காற்றழுத்தத்தில் அது திரவமாகாமல் நேராக வாயுவாகும். விடை, பதங்கமாதல்.

இதைத் தேர்வுக்கான தந்திரம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். தனிம அட்டவணையே இப்படிப்பட்ட சிந்தனையில் வளர்ந்ததுதான். 1869இல் அட்டவணையை வெளியிட்ட ரஷ்ய அறிஞர் மெண்டலீவ், அலுமினியத்துக்குக் கீழே ஓர் இடத்தைக் காலியாக விட்டார். அக்கம்பக்கத்துத் தனிமங்கள் ஒன்றோடொன்று எப்படி உறவு கொண்டிருக்கின்றன என்று பார்த்து, அங்கே வரவேண்டியதன் அணு எடை சுமார் 68, அடர்த்தி சுமார் 5.9 என்று கணித்தார். 1875இல் பிரெஞ்சு வேதியியலாளர் லெகாக் டி புவாபோத்ரான் கேலியத்தைக் கண்டுபிடித்தார். முதலில் அவர் அளந்த அடர்த்தி 4.7. உலோகத்தை நன்றாகச் சுத்தப்படுத்தி மறுபடி அளக்கும்படி மெண்டலீவ் சொன்னார். அப்படிச் செய்தபோது கிடைத்த அளவு 5.9! பார்த்தே இராத ஓர் உலோகத்தின் அடர்த்தியை, உறவைச் சரியாகப் பிடித்ததால் அவரால் சொல்ல முடிந்தது. நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதும் இந்தப் பிடிப்பைத்தான். தனிமங்களின் பட்டியலை மனப்பாடம் செய்வது அதற்குப் பிறகு வரட்டும்.

இந்த வாரப் பயிற்சி: லித்தியம் : சோடியம் :: புளோரின் : ? விடைகள்: ஆக்சிஜன், நியான், குளோரின், புரோமின். இரண்டு விடைகள் பொருந்துவதுபோல் தோன்றினால் உங்கள் வாக்கியத்தை இன்னும் இறுக்குங்கள். விளக்கம் அடுத்த இதழில்.

(தொடரும்)