கர்துங் லா: பாதி மூச்சில் ஒரு பயணம்

லடாக்கின் லே நகரிலிருந்து நூப்ரா பள்ளத்தாக்குக்குப் போகும் சாலை, கர்துங் லா கணவாயைத் தாண்டிச் செல்கிறது. உச்சியில் பெயர்ப்பலகை அருகே நின்று படம் எடுக்காமல் வருகிறவர்கள் குறைவு. அங்கிருந்த பழைய பலகை உயரம் 18,380 அடி என்றது. ஜிபிஎஸ் கொண்டு அளந்தபோது கிடைத்ததோ சுமார் 17,580 அடி, அதாவது 5,359 மீட்டர்தான். எண்ணூறு அடி குறைந்ததால் மூச்சு வாங்குவது ஒன்றும் குறைந்துவிடவில்லை!

காற்றில் பிராணவாயுவின் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் பாதியாகிறது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் இதன் விளைவுகள். வண்டிக்கும் இதே கதிதான். ஏற்றத்தில் எஞ்சின் திணறும். தண்ணீரோ 83 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது.

லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் வந்து இறங்குகிறவர்கள் குறைந்தது இரண்டு நாள் அங்கே ஓய்வெடுத்த பிறகே மலையேற வேண்டும். கணவாயின் உச்சியில் இருபது நிமிடம் போதும். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, 'சரியாகிவிடும்' என்று காத்திருக்காதீர்கள். உடனே கீழே இறங்குங்கள். மாத்திரையும் ஆக்சிஜன் உருளையும் அதற்குத் துணைதான், மாற்று அல்ல.